கேஸ் குழாய் வராத வீட்டில் குடியேறுகிறவர்களுக்கு: பிரிட்டனில் ஹீட்டிங் ஆயில் வாங்குவது எப்படி

லண்டனிலோ லெஸ்டரிலோ வந்து இறங்குகிறவர்களுக்கு இந்தக் கவலை வராது. தெருவுக்கு அடியில் கேஸ் குழாய் ஓடுகிறது; பாய்லரைத் திருகினால் வீடு சூடாகும், மாதம் முடிந்தால் பில் வரும். ஆனால் சிறிய மருத்துவமனைகளில் வேலைக்கு வருகிற நம் ஆட்களில் பலருக்கு முதல் வீடு நோர்ஃபோக்கிலோ லிங்கன்ஷயரிலோ கார்ன்வாலிலோ வேல்ஸின் ஏதாவது ஒரு மலைக் கிராமத்திலோ அமைகிறது. அங்கே பல வீடுகளுக்குக் குழாய் கேஸ் கிடையாது. வட அயர்லாந்தில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகள் எண்ணெயில்தான் ஓடுகின்றன.

அந்த வீடுகளின் பின்பக்கம் பச்சை நிறத்தில் பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்று நிற்கும். மழைத்தண்ணீர் பிடிக்கிற தொட்டி என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே இருப்பது மண்ணெண்ணெய். ஹீட்டிங் ஆயில், கெரசின், இருபத்தெட்டு செகண்ட் ஆயில் என்று யார் எப்படிச் சொன்னாலும் பொருள் ஒன்றுதான். ரேடியேட்டர் சூடாவதும் குளிக்க வெந்நீர் வருவதும் அதை நம்பித்தான்.

குழாய் கேஸுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம், இங்கே உங்களுக்காக யாரும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள் என்பது. தொட்டி தீர்ந்தால் தீர்ந்ததுதான். டிசம்பர் இரவில் வீடு சில்லிட்டுப் போன பிறகு போன் செய்தால், "அடுத்த வாரம் வியாழக்கிழமைதான் வண்டி வரும்" என்பார்கள். விலையைத் துரத்துவது அப்புறம். தொட்டியைத் தீரவிடாமல் இருப்பதுதான் முதல் வேலை. புதிதாக வருகிறவர்களிடம் நான் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

சாவி வாங்கும் அன்றே

வாடகை வீடு என்றால், சாவி கைக்கு வந்த அன்றே தொட்டியில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று பாருங்கள். பழைய தொட்டிகளில் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரு கண்ணாடிபோன்ற குழாய் இருக்கும். அதன் அடியில் ஒரு சிறிய வால்வு அல்லது அழுத்துகிற பொத்தான். அதைத் திறந்தால்தான் குழாய்க்குள் எண்ணெய் ஏறி உண்மையான மட்டத்தைக் காட்டும். திறக்காமல் பார்த்தால் என்றோ நின்ற பழைய மட்டம்தான் தெரியும். பலர் ஏமாறுவது இங்கேதான். பார்த்து முடித்ததும் மூடிவிடுங்கள். திறந்தே விட்டு அந்தக் குழாய் வெடித்தாலோ கழன்றாலோ தொட்டி எண்ணெய் முழுக்கத் தரைக்குப் போய்விடும்.

புதிய தொட்டிகளின் மேலே ஒரு சிறிய மின்னணுக் கருவி பொருத்தியிருப்பார்கள். அது மட்டத்தை அளந்து, வீட்டுக்குள் பிளக்கில் மாட்டிய ஒரு சின்னப் பெட்டிக்கு அனுப்பும். பெட்டியில் கோடுகள் தெரியும். எண்ணெய் இறங்க இறங்கக் கோடுகள் குறையும். பாட்டரி செத்துப் போயிருக்கலாம், அதனால் அதை மட்டும் நம்பாமல் ஒரு தடவையாவது நேரில் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால், மேல் மூடியைத் திறந்து ஒரு சுத்தமான, காய்ந்த நீளக் குச்சியை நேராக உள்ளே விட்டு எடுத்தால் போதும்.

மட்டத்தைத் தேதியோடு படம் எடுத்து, வீட்டை வாடகைக்கு விடும் லெட்டிங் ஏஜென்டுக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். கூடவே ஒரு கேள்வியும் கேளுங்கள்: வீட்டைக் காலி செய்யும்போது தொட்டியில் எவ்வளவு விட்டுவிட்டுப் போக வேண்டும்? சிலர் வந்தபோது இருந்த அளவு என்பார்கள், சிலர் ஒன்றும் வேண்டாம் என்பார்கள். எழுத்தில் இல்லாவிட்டால் கடைசியில் டெபாசிட்டில் கை வைப்பார்கள். நீங்கள் காசு கொடுத்து நிரப்பிய எண்ணெயை விட்டுவிட்டுப் போகும்போது அதற்குப் பணம் கிடைக்குமா என்பதையும் அப்போதே கேட்டு வைப்பது நல்லது. ஏனென்றால் தொட்டிக்குள் போன எண்ணெயை உறிஞ்சி எடுத்து விற்பது லேசான காரியமில்லை.

விலை எப்படிச் சொல்வார்கள்

மின்சாரத்துக்கும் குழாய் கேஸுக்கும் ஆஃப்ஜெம் என்ற கட்டுப்பாட்டு அமைப்பு விலை உச்சவரம்பு வைக்கிறது. ஹீட்டிங் ஆயிலுக்கு அந்த உச்சவரம்பு கிடையாது. கச்சா எண்ணெய் விலையும் டாலர் மதிப்பும் ஆடுகிறபடி இதுவும் ஆடும், நாளுக்கு நாள் மாறும். 2022 பிப்ரவரி கடைசியில் உக்ரைன் போர் தொடங்கியதும் சில வாரங்களுக்குள் விலை இரண்டு மடங்கைத் தாண்டியது. அடுத்து வந்த 2022-23 குளிர்காலத்தில் குழாய் கேஸ் இல்லாத வீடுகளுக்கு அரசு 200 பவுண்ட் கொடுத்தது. அது அந்தக் குளிர்காலத்தோடு முடிந்த உதவி, இப்போதும் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

விலையை லிட்டருக்கு இத்தனை பென்ஸ் என்று சொல்வார்கள். போனில் கேட்டால் பெரும்பாலும் வாட் வரி சேர்க்காமல்தான் சொல்வார்கள். வீட்டு உபயோக எண்ணெய்க்கு வாட் 5 சதவீதம். லிட்டர் 60 பென்ஸ் என்று வைத்துக்கொண்டால், 500 லிட்டருக்கு 300 பவுண்ட், வரி 15, மொத்தம் 315. இரண்டு கம்பெனிகளை ஒப்பிடும்போது ஒருவர் வரியோடும் மற்றவர் வரியில்லாமலும் சொல்லியிருக்கலாம். "எல்லாம் சேர்த்து வீட்டுக்கு வந்து இறங்க எவ்வளவு?" என்று கேட்டுவிட்டால் குழப்பம் தீர்ந்தது.

பொதுவாகக் குறைந்தபட்ச ஆர்டர் 500 லிட்டர். அதற்குக் கீழே கொடுக்கிறவர்களும் உண்டு, ஆனால் லிட்டர் விலை ஏறிவிடும். வண்டி வருகிற செலவு ஒன்றுதானே, அது 300 லிட்டரானாலும் 1,000 லிட்டரானாலும். ஆக, கையில் பணம் இருந்தால் 1,000 லிட்டராக எடுப்பது லாபம். வந்த புதிதில் அவ்வளவு பணம் முடக்க முடியாது என்பதும் உண்மைதான். வாடகை முன்பணம், விசா செலவு, குளிர்க் கோட்டு என்று ஏற்கனவே கை காலியாகியிருக்கும். அப்போது 500 லிட்டரே போதும். கடன் அட்டையில் போட்டுத் தொட்டியை நிரப்ப வேண்டியதில்லை.

எத்தனை லிட்டர் போகும் என்பது வீட்டைப் பொறுத்தது. ஒரு குடும்பம் இருக்கிற நடுத்தர வீட்டுக்கு வருடத்துக்கு 1,500 முதல் 2,000 லிட்டர் என்று ஒரு குத்துமதிப்பு வைத்துக்கொள்ளலாம். கல் சுவரும் ஒற்றைக் கண்ணாடி ஜன்னலும் உள்ள பழைய வீடு அதற்கு மேலேயும் குடிக்கும். முதல் வருடம் மாதாமாதம் மட்டத்தைக் குறித்து வையுங்கள். அடுத்த வருடம் யாரிடமும் கேட்க வேண்டாம், உங்கள் கணக்கே சொல்லும்.

எப்போது, யாரிடம்

கால் தொட்டிக்கு இறங்கியதும் ஆர்டர் போட்டுவிடுங்கள். கோடையில் தேவை குறைவு, வண்டிகளும் சும்மா நிற்கும், பல வருடங்களில் விலையும் கொஞ்சம் இறங்கியிருக்கும். ஆனால் கோடையில் வாங்கினால் கட்டாயம் மலிவு என்று சட்டமில்லை, உலகச் சந்தையில் ஏதாவது வெடித்தால் ஜூலையிலும் ஏறும். கோடை, இலையுதிர் காலத் தொடக்கத்தின் உண்மையான லாபம் அவசரமில்லாமல் நாலு பேரிடம் விலை கேட்கலாம் என்பதுதான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களிலோ முதல் பனி விழுந்த மறுநாளோ போன் செய்தால் நீங்கள் கேட்கிற நிலையில் இருக்க மாட்டீர்கள். அவசர டெலிவரிக்குத் தனிக் கட்டணமும் போடுவார்கள்.

விலையை ஒப்பிட பாய்லர்ஜூஸ் போன்ற தளங்கள் இருக்கின்றன. தபால் குறியீட்டையும் லிட்டர் அளவையும் கொடுத்தால் விலை சொல்லும். அதைப் பார்த்துவிட்டு உள்ளூர்க் கம்பெனிகள் இரண்டு மூன்றுக்கு நேரடியாகவும் போன் போடுங்கள். போனில் பேரம் பேசுவது இங்கே தப்பாக நினைக்கிற விஷயமில்லை, "இன்னொருவர் இவ்வளவு சொல்கிறார், உங்களால் முடியுமா?" என்று மரியாதையாகக் கேட்டால் ஒன்றிரண்டு பென்ஸ் குறைப்பார்கள். எண்ணெய் எல்லாம் ஒரே தரம்தான். கூடுதல் விலைக்கு 'பிரீமியம்' என்று விற்பதில் சில ரசாயனங்கள் கலந்திருக்கும். சாதாரண பாய்லருக்குச் சாதாரண எண்ணெயே போதும் என்பது என் கருத்து. கம்பெனி யூகேஐஎஃப்டிஏ என்ற எண்ணெய் விநியோகஸ்தர் சங்கத்தில் உறுப்பினரா என்று பார்த்துக்கொண்டால், அவர்களுடைய நடத்தை விதிகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்ற அளவில் ஒரு நிம்மதி.

பல கிராமங்களில் எண்ணெய் வாங்கும் குழு ஒன்று இருக்கும். ஒருவர் எல்லார் ஆர்டரையும் சேர்த்து, மொத்தமாக விலை பேசி, ஒரே நாளில் டேங்கரை வரவழைப்பார். ஊர் ஹாலிலோ கடைச் சுவரிலோ விளம்பரம் ஒட்டியிருப்பார்கள். அந்தக் கடையை நடத்துகிறவரே ஈழத் தமிழராக இருக்கவும் வாய்ப்பு உண்டு, கல்லாவில் நிற்கிறவரிடம் கேட்டுப் பாருங்கள்! குழுவில் சேர்ந்தால் விலை குறைவதோடு பக்கத்து வீட்டுக்காரர்களும் பழக்கமாவார்கள். ஒரே குறை, குழு ஆர்டர் போடும் தேதிக்கு நாம் காத்திருக்க வேண்டும்.

மாதத் தவணையாகக் கட்டும் திட்டத்தைப் பல கம்பெனிகள் தருகின்றன. குளிர்காலத்தில் ஒரேயடியாகப் பணம் புரட்ட வேண்டாம் என்பது நல்லதுதான். ஆனால் அந்தக் கம்பெனி சொல்கிற விலைக்கே வாங்க வேண்டியிருக்கும். தனி சேமிப்புக் கணக்கில் மாதம் நூறு பவுண்ட் நீங்களே ஒதுக்க முடிந்தால், அந்தத் திட்டம் தேவையில்லை. வட அயர்லாந்தில் இருப்பவர்களுக்கு வேறு வழியும் உண்டு. பல கவுன்சில்கள் 5 பவுண்ட் ஆயில் ஸ்டாம்ப் திட்டம் நடத்துகின்றன; கடையில் வாங்கி அட்டையில் ஒட்டி வைத்து, டேங்கர் வரும்போது பணமாகக் கொடுக்கலாம். பெட்ரோல் பங்குகளில் 20 லிட்டர் டிரம்மும் கிடைக்கும். லிட்டர் கணக்கில் பார்த்தால் டிரம் விலை அதிகம், ஒன்றிரண்டு நாள் ஒப்பேற்ற மட்டும் அது.

டேங்கர் வரும் நாள்

ஆர்டர் போடும்போதே மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள்: சந்து குறுகலா, வண்டி நிற்கும் இடத்திலிருந்து தொட்டி எவ்வளவு தூரம், தொட்டிக்குப் பூட்டு உண்டா. பெரிய டேங்கர் நுழைய முடியாத இடத்துக்குச் சிறிய வண்டி அனுப்புவார்கள், முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான். வந்து திரும்பிப் போனால் அதற்கும் காசு கேட்பார்கள்.

நீங்கள் டியூட்டியில் இருந்தாலும் பரவாயில்லை, பெரும்பாலும் ஆள் இல்லாமலே நிரப்பிவிட்டு டிக்கெட்டைக் கதவுக்குள் போட்டுவிட்டுப் போவார்கள். ஆனால் முதல் தடவை வீட்டில் இருங்கள். முந்தின மட்டத்தைப் படம் எடுங்கள். நிரப்பி முடித்ததும் டிரைவர் தருகிற டிக்கெட்டில் எத்தனை லிட்டர் என்று வண்டியின் மீட்டர் அச்சடித்திருக்கும், ஆர்டரோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். அந்த நேரத்தில் பாய்லரை அணைத்து வைத்து, நிரப்பிய பிறகும் ஓரிரு மணி நேரம் விட்டுப் போடுவது நல்லது. புது எண்ணெய் பாயும்போது அடியில் படிந்த கசடு கலங்கும். அது தெளிந்த பிறகு ஓடினால் ஃபில்டர் அடைக்காது.

தொட்டியை ஒட்டத் தீரவிட்டால் அதே கசடு குழாய்க்குள் போகும், காற்றும் புகும். பிறகு எண்ணெய் ஊற்றினாலும் பாய்லர் எரியாது. சிவப்பு விளக்கு எரிந்து நிற்கும். ரீசெட் பொத்தானை ஒன்றிரண்டு தடவை அழுத்திப் பாருங்கள், அதற்கு மேல் வேண்டாம், எரியாத எண்ணெய் உள்ளே சேர்ந்துவிடும். அதன்பின் காற்றை வெளியேற்ற ஆள் கூப்பிட வேண்டும். எண்ணெய் பாய்லருக்கு, அந்த வேலை தெரிந்தவர்களைப் பதிவு செய்கிற ஆஃப்டெக் என்ற அமைப்பில் பதிவு பெற்றவரைக் கூப்பிடுங்கள். வாடகை வீட்டில் பாய்லர் பழுது வீட்டுக்காரர் பொறுப்பு, ஆனால் எண்ணெய் தீர்ந்து நின்றது என்றால் செலவை உங்கள் தலையில்தான் கட்டுவார்கள்.

இடையில் ஓரிரு நாள் சமாளிக்க: வீட்டில் வெந்நீர் சிலிண்டர் இருந்தால் அதன் பக்கத்தில் இம்மெர்ஷன் என்று எழுதிய சுவிட்ச் இருக்கும், மின்சாரத்தில் வெந்நீர் கிடைக்கும். அறைக்கு மின் ஹீட்டர் போடலாம், ஒரு யூனிட் சூட்டுக்கு எண்ணெயைவிட மூன்று நான்கு மடங்கு செலவாகும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு. கடையில் மலிவாகக் கிடைக்கிற பாரஃபின் ஹீட்டரை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒரு லிட்டர் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக அறைக்குள்ளேயே விடும். ஜன்னலில் வழியும், மூலையில் பூஞ்சை பிடிக்கும், நஞ்சுவாயு ஆபத்து வேறு.

எண்ணெய் இல்லை, சிலிண்டர் என்றால்

சில வீடுகளில் வெளியே நாலு ஆரஞ்சு சிவப்பு சிலிண்டர்கள் நிற்கும். ஒவ்வொன்றும் 47 கிலோ புரொப்பேன். நீல நிற பியூட்டேன் சிலிண்டரை வெளியில் வைத்துப் பயன்படுத்த முடியாது. உறைநிலையை நெருங்கும்போதே பியூட்டேன் ஆவியாவது நின்றுவிடும். நாலு புரொப்பேன் சிலிண்டரில் இரண்டு ஓடும்போது இரண்டு காத்திருக்கும். காத்திருப்பது ஓட ஆரம்பித்த அன்றே புதியதுக்குச் சொல்லிவிடுங்கள். சிலிண்டருக்குப் பதில் பெரிய வெள்ளைத் தொட்டி இருந்தால், தொட்டி பெரும்பாலும் சப்ளை செய்யும் கம்பெனிக்குச் சொந்தம், அவர்களிடம் மட்டுமே வாங்க முடியும். அந்த ஒப்பந்தம் உங்களை இரண்டு வருடத்துக்கு மேல் கட்டிப் போட முடியாது, பிறகு நோட்டீஸ் கொடுத்து மாறலாம். இதற்கு ஆள் கூப்பிடும்போது ஆஃப்டெக் இல்லை, எல்பிஜி (புரொப்பேன், பியூட்டேன் போன்ற திரவ வாயு) தெரிந்த, கேஸ் வேலைக்காரர்களுக்கான கேஸ் சேஃப் பதிவு பெற்றவர் வேண்டும்.

விறகு அடுப்பு இருக்கிற வீடு பார்க்க அழகுதான். இங்கிலாந்தில் 2021 மே மாதத்திலிருந்து சிறு அளவில் விற்கும் விறகில் ஈரப்பதம் 20 சதவீதம் அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும், 'ரெடி டு பர்ன்' முத்திரை பார்த்து வாங்குங்கள். வீட்டில் எரிக்கிற சாதாரண நிலக்கரி விற்பனைக்குத் தடை. புகையில்லா நிலக்கரி கிடைக்கும்.

எது எரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் வேண்டும். இங்கிலாந்தில் 2022 அக்டோபரிலிருந்து, கேஸ் அடுப்பைத் தவிர மற்றபடி எரிபொருள் சாதனம் பொருத்திய, குடியிருக்கப் பயன்படுகிற ஒவ்வொரு அறையிலும் வீட்டுக்காரர் அதை வைத்துத்தர வேண்டும் என்பது சட்டம். அப்படிப்பட்ட அறையில் நிற்கிற எண்ணெய் பாய்லரும் அதில் சேரும். இல்லையென்றால் தயங்காமல் கேளுங்கள்.

கடைசியாகக் கசிவு. தொட்டிப் பக்கம் மண்ணெண்ணெய் வாடை, சுவரில் ஈரக் கறை, காரணமில்லாமல் கருகிய புல், ஓடாத நாட்களிலும் இறங்குகிற மட்டம், இவற்றில் எது தெரிந்தாலும் தொட்டியடி வால்வை மூடிவிட்டு அன்றே வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள். மண்ணில் இறங்கிய எண்ணெயைத் தோண்டி எடுக்க ஆயிரக்கணக்கில் செலவாகும், அது அவருடைய காப்பீட்டில் வர வேண்டிய விஷயம். ஓடைக்கோ வடிகாலுக்கோ போகிறது என்றால் இங்கிலாந்தில் சுற்றுச்சூழல் முகமையின் அவசர எண்ணுக்கும் அழைக்க வேண்டும். சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடாதீர்கள், எண்ணெய் இன்னும் ஆழத்துக்குத்தான் போகும். மணலோ பூனைக்கு வைக்கிற மண்ணோ கொட்டி உறிஞ்சவிட்டு, ஆள் வரும்வரை அப்படியே விடுங்கள்.