வன்னியில் இருந்துகொண்டு லிவர்பூல் ரசிகராவது எப்படி?

முதலில் ஜேர்சி வாங்க ஓடாதீர்கள். இந்த இங்கிலாந்து உதைபந்தாட்டக் கழகத்தின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள், அது ஒரு வாடகைச் சண்டையில் தொடங்குகிறது. 1884இல் இருந்து அன்ஃபீல்ட் மைதானத்தில் ஆடியது எவர்ட்டன் என்ற வேறொரு கழகம். இடத்துக்காரர் ஜோன் ஹோல்டிங், பியர் முதலாளி, வாடகையைக் கூட்டப் பார்க்க, அவர்கள் கோபித்துக்கொண்டு பூங்காவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். மைதானம் இருக்கிறது, ஆட ஆளில்லை. மனிதர் அசரவில்லை, 1892இல் தானே லிவர்பூல் கழகத்தைத் தொடங்கிவிட்டார். ஆகவே எவர்ட்டன் ரசிகரோடு கொழுவ முதல் யோசியுங்கள், அது அவர்கள் இருந்த வீடு.

அடுத்தது ஹில்ஸ்பரோ. இது தெரியாமல் ரசிகர் என்று சொல்லவே கூடாது. 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்ட் நகரில் இருக்கிற அந்த மைதானத்தில் லிவர்பூலின் அரையிறுதி ஆட்டம், நெரிசலில் நசுங்கி 97 பேர் போனார்கள். அதில் கடைசி ஆள் அந்தக் காயத்தோடு 2021 வரை இருந்தவர். பொலிஸார் பழியைத் தூக்கி ரசிகர்கள் மேலேயே போட்டார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் விடாமல் அலைந்து, ரசிகர்களில் பிழையில்லை என்ற தீர்ப்பு 2016இல்தான் வந்தது. 27 வருஷம். கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடிக் கொட்டிலில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு இருந்த அம்மாமாரைக் கண்ட எங்களுக்கு இதை ஆரும் விளக்கத் தேவையில்லை. அப்போது பொய் எழுதிய சன் பத்திரிகையை லிவர்பூல் ஊரில் பலர் இன்றைக்கும் தொடுவதில்லை.

சரி, இனி நேரக் கணக்கு. ஒக்டோபர் கடைசி ஞாயிறு இங்கிலாந்தில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுவார்கள், மார்ச் கடைசி ஞாயிறு திரும்ப முன்னுக்கு. அதனால் அங்கே பின்னேரம் மூன்று மணி ஆட்டம் இங்கே கோடையில் இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30. ஐரோப்பியக் கிண்ண ஆட்டங்கள் பெரும்பாலும் நடுச்சாமம் 12.30 அல்லது 1.30. ஒருமுறை இதை மறந்து, அலாரம் வைத்து எழும்பி, இருட்டுக்குள் நுளம்படித்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் வெறும் விளம்பரம் பார்த்தேன், அம்மா எழும்பிவந்து ஏசினது தனி. எட்டு மணிக்கே சாப்பிட்டுப் படுங்கள், போனை முழுதாகச் சார்ஜ் ஏற்றி வையுங்கள், கரண்டை நம்பாதீர்கள்.

சனி மத்தியானம் பன்னிரண்டரை ஆட்டம்தான் கரைச்சல். கோடையில் அது இங்கே பின்னேரம் ஐந்து மணி, எங்கள் ஊர்க் கழகம் இறங்குகிற நேரம். நான் அன்றைக்கு வயற்கரை மைதானத்தில்தான் நிற்பேன். லிவர்பூல் ஸ்கோரை இடைவேளைக்குப் போனில் பார்த்தால் காணும்.