குளிரிலும் வறட்சியிலும் விழிக்கும் மரபணுக்களைக் கண்டறியும் ஆய்வுமுறை

உறைகுளிரும் வறட்சியும் செடியின் உயிரணுவுக்கு ஒரே இடர்ப்பாட்டையே கொண்டுவருகின்றன. உயிரணுக்களுக்கு வெளியே பனிக்கட்டி உருவாகும்போது உள்ளிருக்கும் நீர் வெளியே இழுக்கப்படுவதால், உறைதலும் நீரிழப்பாகவே முடிகிறது. ஆய்வகங்களில் மாதிரிச் செடியாகப் பயன்படும் அராபிடாப்சிஸ் தாலியானாவின் ஆர்.டி.29ஏ மரபணு இரண்டு நிலைகளிலும் இயங்குவதற்கு அதன் முன்னியக்கிப் பகுதியே (மரபணுவை இயக்கும் முன்புற டி.என்.ஏ பகுதி) காரணம். அங்குள்ள சி-சி-ஜி-ஏ-சி என்னும் வரிசையில் குளிரின்போது, மரபணுக்களை இயக்கிவிடும் சி.பி.எஃப் புரதங்களும், நீரிழப்பின்போது டிரெப்2ஏ புரதமும் வந்து பிணைகின்றன. அப்சிசிக் அமிலம் என்னும் செடி ஹார்மோனின் கட்டளையை ஏற்கும் தனி வரிசையும் அதே பகுதியில் உண்டு. 1997-இல் அமெரிக்காவில் தாமஷோவின் குழு சி.பி.எஃப்1-ஐயும், 1998-இல் ஜப்பானில் ஷினோசாகி இணையரின் குழு டிரெப் புரதங்களையும் விவரித்தன. இந்த ஒழுங்குமுறையை முதுநிலை மாணவர் தம் ஆய்வகத்திலேயே கண்டறியலாம்.

விதைகளை அகர் தட்டுகளில் 22 பாகை செல்சியசில், 16 மணி நேர ஒளியில் இரண்டு வாரம் வளர்க்கவும். உறைதல் சோதனைக்கெனச் சில செடிகளை மண் தொட்டிகளில் தனியே வளர்க்கவும். குளிர்த் தொகுதியை 4 பாகைக்கு மாற்றவும். வறட்சித் தொகுதியை அகரிலிருந்து மெல்ல எடுத்து உலர்ந்த வடிதாளில் பரப்பவும். வேரோடு எடுப்பதே செடிக்கு ஓர் அதிர்ச்சி என்பதால், அதேபோல் எடுத்து நீரில் நனைத்த தாளில் வைத்த செடிகளே இத்தொகுதிக்கு உரிய ஒப்பீடு.

இந்த ஆய்வில் மிகுந்த கவனம் கோருவது நேரம். சி.பி.எஃப் மரபணுக்கள் செடியின் உள்கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டவை. விளக்கு எரியத் தொடங்கி நான்கு மணி நேரம் கழித்துக் குளிரூட்டினால் எழும் வெளிப்பாடு, பதினாறு மணி நேரம் கழித்துக் குளிரூட்டும்போது எழுவதைவிடப் பெரிது. ஆகவே காலையில் எடுத்த ஒரே ஒப்பீட்டு மாதிரியை நாள் முழுவதற்கும் பயன்படுத்தி எழுதப்படும் முடிவுகளை நான் ஏற்பதில்லை. 0, 15 நிமிடம், 1, 3, 24 மணி நேரம் என ஒவ்வொரு முறை மாதிரி எடுக்கும்போதும் 22 பாகையில் இருக்கும் செடியிலிருந்தும் ஒரு மாதிரி எடுத்தாக வேண்டும். குளிர் அறையின் ஒளியும் வளர்ப்பறையின் ஒளியும் ஒத்திருக்கட்டும். தட்டுகளைக் குலுக்காமல் எடுத்துச் செல்லவும், ஏனெனில் வெறும் அசைவே சி.பி.எஃப் மரபணுக்களின் ஆர்.என்.ஏ படிகளை உயர்த்தக்கூடும். பறித்த இலைகளை உடனே திரவ நைட்ரஜனில் உறையவைத்து, −80 பாகையில் சேமிக்கவும்.

மரபணுவின் வெளிப்பாட்டை அளக்க, அதன் ஆர்.என்.ஏ படிகளைத் தலைகீழ்ப் படியெடுப்பு நொதியால் டி.என்.ஏ-வாக மாற்றிப் பெருக்குகிறோம். ஆர்.என்.ஏ-வைப் பிரித்தெடுத்தபின் டி.என்.ஏஸ் நொதியால் தூய்மைப்படுத்துவது இங்கே கட்டாயம். சி.பி.எஃப் மரபணுக்களில் இன்ட்ரான்கள் (படியிலிருந்து வெட்டி நீக்கப்படும் பகுதிகள்) இல்லாததால், எஞ்சிய டி.என்.ஏ-விலிருந்து பெருகும் துண்டும் உண்மையான படியிலிருந்து பெருகும் துண்டும் ஒரே நீளத்தில் இருக்கும். அளவைக் கொண்டு பிரித்தறிய வழியில்லை. தலைகீழ்ப் படியெடுப்பு நொதி சேர்க்காத மாதிரியையும் ஓட்டிப் பார்ப்பதே பாதுகாப்பு. நான்காம் குரோமோசோமில் அடுத்தடுத்து அமைந்த சி.பி.எஃப்1, 2, 3 ஆகியவை மிகவும் ஒத்த வரிசைகள் கொண்டவை. எனவே பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ துண்டுகளான பிரைமர்களை அவை வேறுபடும் பகுதிகளில் வடிவமைத்து, கிடைக்கும் துண்டை வரிசையறிந்து உறுதிசெய்யவும். அளவீடுகளைச் சமன்செய்யப் பயன்படும் பி.பி.2ஏ போன்ற ஒப்பீட்டு மரபணு உங்கள் குளிரிலும் வறட்சியிலும் மாறாமல் இருக்கிறதா என்று முதலில் சோதித்துக்கொள்ளவும். குறைந்தது மூன்று தனித்தனி வளர்ப்புத் தொகுதிகள் தேவை. ஒரே மாதிரியை மும்முறை அளப்பது அதற்கு ஈடாகாது.

குளிர்த் தொகுதியில் சி.பி.எஃப் 15 நிமிடத்துக்குள் எழத் தொடங்கி, சில மணி நேரத்தில் உச்சம் தொட்டுத் தணியும், சி.பி.எஃப் இயக்கும் சி.ஓ.ஆர்15ஏ, ஆர்.டி.29ஏ மரபணுக்கள் இரண்டும் பின்னர் எழுந்து, குளிர் நீடிக்கும்வரை உயர்ந்தே இருக்கும். வறட்சித் தொகுதியில் டிரெப்2ஏ, ஆர்.டி.29ஏ ஆகியவை உயரும், சி.பி.எஃப் பெரிதாக எழுந்தால் கையாளும் முறையை மீண்டும் பரிசீலிக்கவும்.

படிகள் உயர்ந்ததாலேயே செடி தாங்கும் என்று கொள்ளலாகாது. ஆகவே தொட்டிச் செடிகளில் ஒரு பகுதியை ஒரு வாரம் 4 பாகையில் பழக்கி, பழகாதவற்றுடன் சேர்த்துச் சோதிக்கவும். சிறிது நீருள்ள குழாயில் இலையை இட்டு, −1 பாகையில் ஒரு பனித்துணுக்கைச் சேர்த்து உறைதலைத் தூண்டி, வெப்பநிலையைப் படிப்படியாகக் குறைக்கவும். ஒவ்வொரு நிலையிலும் எடுத்த குழாய்களை 4 பாகையில் மெல்ல உருகவிட்டு, அயனிநீக்கிய நீர் சேர்த்துக் குலுக்கி, மின்கடத்துத்திறனை அளக்கவும்; சேதமுற்ற உயிரணுக்களிலிருந்து கசியும் அயனிகள் அதை உயர்த்தும். பின் அதே குழாய்களை −80 பாகையில் முழுதும் உறையவைத்து உருக்கி மீண்டும் அளந்தால், கசிவின் விழுக்காடு கிடைக்கும். பழகாத இலைகளில் −5 பாகைக்கு அருகிலேயே பாதிக் கசிவு தென்படும்; பழகியவற்றில் அந்தப் புள்ளி மேலும் சில பாகைகள் கீழே இறங்கியிருக்க வேண்டும்.