மூன்று வாரம் கழித்துத் தெரியும் கீறல்கள்

தன் காரின் கதவில் விழுந்த ஒடுக்கைத் தானே சரிசெய்து பெயின்ட் அடித்த நண்பர் சென்ற வாரம் என்னை அழைத்தார். "அன்றைக்குக் கண்ணாடி மாதிரி இருந்தது. மூன்றே வாரத்தில் இப்படி ஆகிவிட்டது" என்றார். குனிந்து வெயிலுக்கு எதிராகப் பார்த்தேன். ஒடுக்கை நிரப்பும் பசையான பட்டி பூசிய இடத்தின் ஓரம் வளையமாகத் தெரிந்தது. அதற்குள் சீப்பால் இழுத்ததுபோல் கீறல்கள். என் முதல் காரில் நான் கண்டதும் இதே கோலம்தான்.

பெயின்ட் வழிவது, தூசி ஒட்டுவது பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அவற்றைத் தேய்த்துச் சரிசெய்துவிடலாம்.

உப்புத்தாளில் படி தாண்டுவது

உப்புத்தாளின் எண் கூடக் கூட அதன் சொரசொரப்பு குறையும். பட்டியை வடிவத்துக்குக் கொண்டுவர 80 எண் தாள் சரிதான். அடுத்து நேராக 320-க்குத் தாவுவதுதான் எனக்கு இன்றும் ஆத்திரமூட்டுகிறது. 320 தாள் மேட்டை மழமழப்பாக்கும். 80 கிழித்த பள்ளத்தின் அடியைத் தொடாது. அதன்மேல் கலருக்கு முந்தைய அடிப்பூச்சான பிரைமரைத் தடிமனாக அடித்தால் பள்ளம் நிரம்பி மறைந்துவிடும். வேலை முடிந்தது என்று நம்பிவிடுவோம்.

ஆனால் பிரைமரிலுள்ள தின்னர் அன்றே முழுவதும் வெளியேறாது. பள்ளத்தில் தேங்கிய பிரைமர் நாள்கணக்கில் சுருங்கும். அதற்குள் கலரும், அதன்மேல் நிறமில்லாத பளபளப்புப் பூச்சான கிளியர் கோட்டும் அடித்திருந்தால் அவையும் கூடவே உள்ளே இறங்கும். பிறகு மேலே பாலிஷ் போட்டுப் பயனில்லை; பட்டிவரை தேய்த்தெடுத்து மறுபடி தொடங்க வேண்டும். அரை மணி நேரத்தை மிச்சம்பிடிக்கப் போய், வாங்கிய பெயின்ட் முழுவதும் வீண்.

80, 120, 180, 240 என்று படிப்படியாகப் போங்கள். முந்தைய தாளின் கீறல் முழுவதும் போனபிறகே அடுத்த தாள். பிரைமர் மேல் கறுப்பு ஸ்ப்ரேயை மெல்லிய தூவலாக அடித்து, கட்டையில் சுற்றிய தாளால் தேயுங்கள். பள்ளம் இருக்கும் இடத்தில் மட்டும் கறுப்பு மயிரிழைபோல் மிஞ்சி நிற்கும். கைவிரலுக்குப் பிடிபடாததைக் கண்ணுக்குக் காட்டிக்கொடுக்கும் வழி இது. பிரைமர் நன்றாகக் காய ஒன்றிரண்டு நாள் கூடுதலாகவே விடுங்கள்.

பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது

வேண்டாம். பட்டி ஈரத்தை உறிஞ்சும். பின்னால் கொப்புளமும் துருவும் வரும்.

ஹார்டனரை அள்ளிப் போடுவது

பட்டியை இறுகவைக்க அதில் கலப்பது ஹார்டனர். சீக்கிரம் இறுகட்டும் என்று அதைக் கூடுதலாகப் பிதுக்குகிறார்கள். பெரும்பாலான பட்டிக்கு எடையில் 2 சதவீதம் போதும். மிஞ்சினால் வெளிர் நிறப் பெயின்ட்டின் மேல் கறையாகக் கசிந்து வரும்.

ஒரே துணியால் துடைப்பது

எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் திரவத்தை ஒரு துணியால் தடவி, அது உலரும் முன் இன்னொரு சுத்தமான துணியால் துடைத்தெடுங்கள். தானாக உலரவிட்டால் பிசுக்கு அங்கேயே படிந்துவிடும். பழைய பாலிஷிலிருந்த சிலிக்கான் மிஞ்சினால், பெயின்ட் விலகிச் சின்னச் சின்ன வட்டக் குழிகள் விழும்.

தூசி முகமூடியை நம்புவது

ஹார்டனர் கலந்து அடிக்கும் கிளியர் கோட்டில் ஐசோசயனேட் என்ற நச்சு வேதிப்பொருள் இருக்கிறது. அதை மூச்சில் இழுத்தால் வாழ்நாள் முழுவதும் விடாத ஆஸ்துமா வரக்கூடும். துணி முகமூடியும் தூசி முகமூடியும் அதைத் தடுக்கவே தடுக்காது. வெளியிலிருந்து குழாய் வழியே சுத்தமான காற்று தரும் முகமூடி உங்களிடம் இல்லையென்றால், தேய்ப்பு வேலைகளை வீட்டில் முடித்துவிட்டு, கிளியர் கோட்டை மட்டும் பட்டறையில் அடித்து வாங்குங்கள்.