மல்யுத்தப் பெருநிகழ்ச்சி ஒன்றைப் பார்த்துக் கருத்து எழுதும் முறை

அமெரிக்காவின் WWE நிறுவனம் கதை அமைத்து ஆண்டுதோறும் நடத்தும் ரெசில்மேனியா போன்ற ஒரு மல்யுத்தப் பெருநிகழ்ச்சி முடிந்த காலையில் நம் பக்கத்து ரசிகர்கள் சொல்லும் கருத்துகளில் பெரும்பாலானவை "செம மேட்ச்", "மொக்க மேட்ச்" என்ற இரண்டில் அடங்கிவிடுகின்றன. நான்கு மணி நேரம் கண்விழித்துப் பார்த்த ஒருவருக்குச் சொல்வதற்கு அதைவிட நிறைய இருக்கும். சொல்லும் முறை பழகாததால்தான் அது வெளியே வருவதில்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வேலூரிலிருந்து இந்நிகழ்ச்சிகளைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் நோட்டில் குறிப்பு எழுதி வருபவன் என்ற முறையில், நான் கைக்கொள்ளும் வழியை இங்கே விளக்குகிறேன்.

நேரத்தைப் பற்றிய செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் நிகழ்ச்சி, கோடைக் காலத்தில் நமக்கு மறுநாள் அதிகாலை 4.30 மணிக்கும், அங்கே கடிகாரத்தை மாற்றி வைக்கும் குளிர்காலத்தில் 5.30 மணிக்கும் வரும். அமெரிக்க ரசிகர்கள் நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி தனிக் கட்டணம் செலுத்திப் பார்த்த காலத்தில் நமக்கு அது கேபிள் சந்தாவுக்குள்ளேயே கிடைத்தது. 2025 ஏப்ரல் முதல் நெட்ஃபிளிக்ஸில் கிடைக்கிறது. விடியற்காலையில் எழ முடியாதவர்கள் மாலையில் பார்க்கலாம், அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் பார்த்து முடிக்கும் வரை கைப்பேசியைத் தொடக்கூடாது. பிறர் சொன்ன முடிவைத் தெரிந்துகொண்டு பார்க்கும்போது எழுவது நம் கருத்தாக இருப்பதில்லை.

முந்தைய இரவே செய்யவேண்டிய ஒரு வேலை உண்டு. அட்டவணையில் உள்ள ஒவ்வொரு போட்டிக்கும் எதிரே, யார் யாரோடு மோதுகிறார்கள், எதற்காக மோதுகிறார்கள், எப்படி முடியும் என்று எதிர்பார்க்கிறேன் என்ற மூன்றையும் ஒரே வாக்கியத்தில் எழுதி வையுங்கள். எதற்காக என்பதை எழுத முடியவில்லை என்றால், ஒன்று நீங்கள் முந்தைய வாரங்களின் நிகழ்ச்சிகளைப் பார்க்கவில்லை, அல்லது நிறுவனம் கதையே அமைக்கவில்லை. இரண்டாவது காரணம் என்றால் உங்கள் விமர்சனத்தின் முதல் வரி அப்போதே கிடைத்துவிட்டது.

அக்கா மகன் பத்து வயதில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான்: "மாமா, யாரு ஜெயிக்கணும்னு முன்னாடியே பேசி வெச்சிட்டுத்தான் சண்டை போடறாங்களாமே, அப்புறம் எதுக்கு இவ்ளோ காலையில எழுந்து பாக்கறீங்க?" அதற்கான விடை எங்கள் மண்ணிலேயே இருக்கிறது. வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் கோடைக் காலத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. பதினெட்டாம் போரில் துரியோதனன் விழுவான் என்பது அங்கே பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். தெரிந்தே விடிய விடியப் பார்க்கிறார்கள். இந்த ஆண்டு துரியோதனன் வேஷம் கட்டியவரின் குரல் கடைசி வரை தாங்கியதா, அடவு சுத்தமாக விழுந்ததா, திரைக்குப் பின்னால் நின்று பாடி வெளிப்பட்டபோது கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்ததா என்பதைத்தான் மறுநாள் டீக்கடையில் பேசுகிறார்கள். துரியோதனன் தோற்றதால் கூத்து சரியில்லை என்று யாரும் சொல்வதில்லை.

இதே மாவட்டத்தில் தை மாதத்தில் மாடு விடும் விழாவும் நடக்கிறது. அங்கே எந்தக் காளை குறிப்பிட்ட தூரத்தை மிகக் குறைந்த வினாடிகளில் கடந்தது என்பதே கேள்வி. வேறு எதுவும் கணக்கில் வராது. மல்யுத்த நிகழ்ச்சியை மாடு விடும் விழாவைப் பார்க்கும் கண்ணோடு பார்ப்பவருக்கு அது ஏமாற்று வேலையாகத் தெரியும். கூத்தைப் பார்க்கும் கண்ணோடு பார்ப்பவருக்கு, உடம்பையே மொழியாகக் கொண்டு கதை சொல்லும் ஒரு கலை தெரியும். ஆகவே கருத்து எழுத உட்காரும்போது "என் ஆள் தோற்றுவிட்டான்" என்று தொடங்காதீர்கள். தோற்ற விதம் கதைக்குப் பொருந்தியதா என்று தொடங்குங்கள்.

சிறு வயதில் நாம் விளையாடிய மல்யுத்தச் சீட்டுகள் இன்னொரு பழக்கத்தையும் நமக்குள் விதைத்துவிட்டன. உயரம், எடை, மார்பளவு, கைத்தசை, மோதிய சண்டைகள் என்று எண்களை அடுக்கி, பெரிய எண் உள்ளவனே பெரியவன் என்று அவை கற்றுக்கொடுத்தன. சீட்டு விளையாட்டில் பிக் ஷோவின் எடையை வெல்வது எளிதல்ல. வளையம் எனப்படும் சண்டை மேடையிலோ அவரைவிட மிகச் சிறிய உடல் கொண்ட ரே மிஸ்டீரியோவின் போட்டிகளே பலமுறை மனதில் நிற்கின்றன. வளையத்திற்குள் இருக்கும் சிறியவன் பெரியவனை எப்படி நம்பும்படியாக வீழ்த்துகிறான் என்பதைக் கவனிக்கப் பழகியவர், பாதி விமர்சகராகிவிட்டார்.

ஒரு போட்டியை எப்படிப் பார்ப்பது என்பதற்கு நான் புதியவர்களுக்குக் காட்டும் பாடம், 1987 மார்ச் 29 அன்று நடந்த மூன்றாவது ரெசில்மேனியாவில் ராண்டி சாவேஜும் ரிக்கி ஸ்டீம்போட்டும் மோதிய போட்டி. பதினைந்து நிமிடத்திற்கும் குறைவான போட்டி அது. அன்றைய முதன்மைப் போட்டி ஹல்க் ஹோகனுக்கும் ஆண்ட்ரே தி ஜயன்ட்டுக்கும் நடந்தது; நிறுவனம் அறிவித்த கணக்கின்படி 93,173 பேர் திரண்டது அதற்காகவே. இருந்தும் பல ரசிகர்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பது சாவேஜ்–ஸ்டீம்போட் போட்டியைத்தான். காரணத்தைத் தேடினால் மூன்று செய்திகள் கிடைக்கும். முதலாவது, முன்கதை: சில மாதங்களுக்கு முன் வளையத்தின் மணியைக் கொண்டு ஸ்டீம்போட்டின் தொண்டையை சாவேஜ் சிதைத்ததாகக் கதை அமைந்திருந்தது. இரண்டாவது, நினைவு: போட்டியின் நடுவே சாவேஜ் மறுபடியும் அதே தொண்டையைக் குறிவைக்கிறார், ஸ்டீம்போட் அந்த வலியை முகத்திலும் நடையிலும் சுமக்கிறார். மூன்றாவது, முடிவு: சாவேஜ் மீண்டும் அதே மணியை எடுக்கும்போது அதுவே அவருடைய தோல்விக்கு வழியாகிறது. எடுத்த ஆயுதம் எடுத்தவனையே வீழ்த்தும் இந்த அமைப்பு பாரதம் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் புதிதல்ல.

ஆகவே உங்கள் குறிப்பில், எந்த உறுப்பு முதலில் அடிபட்டது, அடிபட்டவர் அதைப் பத்து நிமிடம் கழித்தும் நினைவில் வைத்திருந்தாரா என்பதை எழுதுங்கள். முழங்காலை இருபது முறை முறுக்கியபின் ஒருவர் எழுந்து எதுவும் நடவாததுபோல் ஓடினால், அவர் எவ்வளவு உயரத்திலிருந்து பாய்ந்தாலும் அந்தப் போட்டியில் ஓட்டை இருக்கிறது. ஒருவருடைய முத்திரை அடியிலிருந்து எதிராளி எத்தனை முறை கிக் அவுட் செய்தார், அதாவது நடுவர் தரையில் மூன்று முறை தட்டி எண்ணி முடிக்கும் முன் தோளைத் தூக்கித் தப்பினார் என்பதையும் எண்ணுங்கள். ஒரு முறை என்றால் மூச்சு நிற்கும். ஐந்து முறை என்றால் அந்த அடியின் மதிப்பே போய்விடும்.

அரங்கில் இருக்கும் மக்களின் குரலைத் தனியாகக் கேட்பதும் அவசியம். 2002 மார்ச் 17 அன்று டொரன்டோவில் தி ராக்கும் ஹல்க் ஹோகனும் மோதியபோது, வில்லனாக வந்த ஹோகனை மக்கள் ஹீரோவாக வரவேற்றார்கள். வளையத்தில் இருந்த இருவரும் அதை உணர்ந்து தங்கள் ஆட்டத்தையே மாற்றிக்கொண்டார்கள். அதற்குப் பின் வந்த கடைசிப் போட்டியில் ட்ரிபிள் எச் பட்டத்தை வென்றபோது கூட்டத்திடம் கொடுப்பதற்குக் குரல் மிச்சமிருக்கவில்லை. அந்தக் கடைசிப் போட்டியை மட்டும் எடுத்து மோசம் என்று எழுதுவது நியாயமாகாது. தவறு வரிசையில் இருந்தது என்று எழுதவேண்டும்.

சத்தத்தைப் போலவே அமைதியையும் குறித்துக்கொள்ளுங்கள். 2014 ஏப்ரல் 6 அன்று நியூ ஆர்லியன்ஸில், ரெசில்மேனியாவில் அதுவரை 21 முறை வென்று ஒருமுறையும் தோற்காத அண்டர்டேக்கரை ப்ராக் லெஸ்னர் வீழ்த்தினார். நடுவரின் கை மூன்றாவது முறை தரையில் விழுந்தபின் அரங்கம் உறைந்து நின்றதை நான் காட்பாடியில் ஒரு நண்பனின் அறையில் பார்த்தேன். எங்கள் நால்வரில் யாரும் சற்று நேரம் பேசவில்லை. அந்த வெற்றித் தொடரை முடித்தது தவறு என்றே இன்றும் கருதுகிறேன். லெஸ்னர் ஏற்கெனவே உச்சியில் இருந்தவர்; அந்தப் பெருமையால் உயர்ந்திருக்கக்கூடிய இளைஞர் ஒருவருக்கு அது போயிருக்கவேண்டும். அதே வேளையில், முடிவு தெரிந்த கலை என்று சொல்லப்படும் ஒன்று உலகெங்கும் இத்தனை பேரை ஒரே நொடியில் அதிரவைத்தது என்பதையும் அதே பக்கத்தில் எழுதினேன். இரண்டும் உண்மையாக இருக்க முடியும். விமர்சனத்தில் இரண்டுக்கும் இடம் கொடுங்கள்.

அன்று எழுதிய குறிப்பில் ஒரு வரியைப் பின்னர் அடித்துத் திருத்தவேண்டி வந்தது. அண்டர்டேக்கர் மந்தமாக ஆடினார், உழைக்கவில்லை என்று எழுதியிருந்தேன். அந்தப் போட்டியின் நடுவே அவருக்குத் தலையில் அதிர்ச்சிக் காயம் ஏற்பட்டது என்பதும், அந்த நாளின் பெரும்பகுதி அவர் நினைவிலேயே இல்லை என்பதும் பிறகு தெரியவந்தது. முடிவு முன்பே தீர்மானிக்கப்பட்டிருந்தாலும் விழுவது உண்மை, தரை உண்மை, எலும்பும் உண்மை. 1999 மே 23 அன்று கான்சாஸ் சிட்டியில் ஓவன் ஹார்ட் அரங்கின் உச்சியிலிருந்து இறக்கப்பட்டபோது கீழே விழுந்து உயிரிழந்தார். அதற்குப் பிறகும் அன்றைய நிகழ்ச்சி தொடர்ந்து நடத்தப்பட்டது. அதை நான் இன்றும் மன்னிக்கவில்லை. ஆகவே ஒரு வீரர் தடுமாறினால் காரணம் தெரியாமல் சோம்பேறி என்று எழுதாதீர்கள். "இந்த இடத்தில் வேகம் குறைந்தது" என்று மட்டும் எழுதுங்கள். கதை எழுதியவர்களின் குறையை வளையத்தில் உடம்பைக் கொடுத்தவர் மீது சுமத்தாதிருப்பதும் இதே மரியாதையைச் சேர்ந்தது.

ஒரு முழு நிகழ்ச்சிக்கு இவற்றை எப்படிப் பொருத்துவது என்பதற்கு, 2024 ஏப்ரல் 6, 7 தேதிகளில் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த நாற்பதாவது ரெசில்மேனியா பற்றிய என் பக்கங்களிலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன். முதல் நாளில் சாமி ஜெயின், 666 நாள் பட்டத்தை வைத்திருந்த குந்தரை வென்ற போட்டியை மிக உயர்வாக எழுதினேன். குந்தர் அடிக்க அடிக்க, வளையத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த சாமியின் மனைவி அதைப் பார்க்க நேர்ந்ததே அந்தக் கதையின் உயிர். ஜே ஊசோ, ஜிம்மி ஊசோ என்ற இரட்டைச் சகோதரர்களின் போட்டி ஏமாற்றம். ஆண்டுக்கணக்கில் வளர்த்த குடும்பப் பகையை, ஒருவருக்கொருவர் மாறி மாறிக் கொடுத்த சூப்பர்கிக் என்ற முகவாய் உதைகளில் கரைத்துவிட்டார்கள்.

இரண்டாம் நாளின் கடைசிப் போட்டியில் கோடி ரோட்ஸ், 1,316 நாள் பட்டத்தை வைத்திருந்த ரோமன் ரெய்ன்ஸை வென்றார். ஜான் சீனா, தி ராக், அண்டர்டேக்கர் என்று வெளியாட்கள் வரிசையாக நுழைந்ததைப் பலர் குறையாகச் சொன்னார்கள். எனக்கு அந்தப் போட்டியின் மையம் வேறிடத்தில் இருந்தது. 2014 ஜூனில் செத் ராலின்ஸ், தன் கூட்டாளியாக இருந்த ரெய்ன்ஸை முதுகில் நாற்காலியால் அடித்துத் துரோகம் செய்தார். பத்து ஆண்டுகள் கழித்து, அந்தக் கூட்டணியின் பழைய உடையில் ராலின்ஸ் வளையத்தில் இருக்க, ரெய்ன்ஸின் கையில் நாற்காலி. கோடியை அடித்தால் பட்டம் நிலைக்கும். ராலின்ஸை அடித்தால் பழி தீரும். அவர் பழியைத் தேர்ந்தெடுத்தார், பட்டத்தை இழந்தார். பழைய நிகழ்ச்சிகளை நினைவில் வைத்திருப்பவருக்கு மட்டும் முழுப் பொருளும் கிடைக்கும் இத்தகைய இடங்களைக் கண்டுபிடித்து, தெரியாதவர்களுக்கும் விளங்கும்படி எழுதுவதே ஒரு ரசிகரின் விமர்சனத்தில் மிகப் பயனுள்ள பகுதி.

எழுதும் முறையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. முதல் வரைவை அன்றே, பிறருடைய கருத்தைப் படிக்கும் முன் எழுதிவிடுங்கள். எல்லாப் போட்டிகளுக்கும் ஒரே அளவு இடம் கொடுக்காதீர்கள். சொல்ல ஒன்றுமில்லாத போட்டிக்கு ஒரு வரி போதும். டேவ் மெல்ட்சர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரால் பரவிய நட்சத்திர மதிப்பீட்டைப் பயன்படுத்தலாம், ஆனால் காரணத்தை எழுதியபின் நட்சத்திரத்தைப் போடுங்கள். முதலில் நட்சத்திரத்தைப் போட்டால் காரணம் அதற்கேற்ப வளைந்துவிடும்.

ஒவ்வொரு நிகழ்ச்சியின் குறிப்புக்கும் கீழே அரைப் பக்கம் வெறுமையாக விட்டு, ஓராண்டு கழித்து அதை நிரப்புங்கள். என் நோட்டில் கோடி ரோட்ஸின் வெற்றிக்குக் கீழிருந்த இடத்தை, 2025 ஏப்ரலில் லாஸ் வேகாஸில் ஜான் சீனா அவரை வென்று பதினேழாவது உலகப் பட்டத்தைப் பெற்ற காலையில் நிரப்பினேன். ஏழு வாரம் முன் சீனாவை வில்லனாக மாற்றிய தி ராக் அந்த இரவில் வரவே இல்லை, தொடங்கிய கதையை நடத்துவதற்கு ஆளில்லாமல் போயிற்று, 2024இல் பத்து ஆண்டு நினைவைக் காப்பாற்றியவர்கள் இம்முறை ஏழு வார நினைவைக் காப்பாற்றவில்லை என்று எழுதி, தேதி போட்டு மூடினேன்.