முகத்துக்குள் மரம்: இரண்டு படங்களை ஒன்றாக்குவது எப்படி

ஒரு முகத்துக்குள் மரக்கிளைகள் விரிந்திருக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள், அதைச் செய்யக் காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம், இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் என்ற படத்தொகுப்பு மென்பொருள் போதும். வெளிறிய பின்னணியில் பக்கவாட்டில் எடுத்த முகப்படம் ஒன்றைத் திறங்கள். முகம் கொஞ்சம் இருட்டாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. அதன்மேல் கிளைகள் உள்ள படத்தைத் தனி லேயராக (ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கும் அடுக்காக) போட்டு, அந்த லேயர் கீழே உள்ளதோடு கலக்கும் விதமான மோடை ஸ்கிரீன் என்று மாற்றுங்கள். ஸ்கிரீனில் மேல் லேயரின் கறுப்பு மறைந்துவிடும், வெளிச்சமான பகுதிகள் கீழே உள்ளதை இன்னும் வெளுக்க வைக்கும். ஏற்கெனவே வெள்ளையாக இருக்கும் பின்னணி அதற்குமேல் வெளுக்க முடியாது என்பதால்தான் கிளைகள் முகத்துக்குள் மட்டும் தெரிகின்றன.

அப்புறம் கிளைகள் லேயருக்கு ஒரு லேயர் மாஸ்க், அதாவது அந்த லேயரில் எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று தீர்மானிக்கும் திரை. கண்மேல் கிளை விழுந்தால் அழிப்பானைத் தொடாதீர்கள், மாஸ்க்கில் கறுப்பு பிரஷ்ஷால் தடவினால் மறையும், வெள்ளையால் தடவினால் திரும்ப வரும். பிரஷ்ஷின் ஒப்பாசிட்டியை (எவ்வளவு அழுத்தமாகத் தீட்டும் என்ற அளவை) 30 சதவீதம் அளவில் வைத்து, மெல்ல மெல்லப் பல தடவை தடவுவதே எனக்குப் பிடித்த வழி. நிறங்கள் ஒட்டவில்லையா? இரண்டையும் கறுப்பு வெள்ளையாக்கிவிடுங்கள் (ஏமாற்று வேலைதான், ஆனால் நன்றாக இருக்கும்). வேலை முடியும்வரை ஜிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பாகவே சேமியுங்கள், ஜேபெக்கில் லேயர்கள் தங்காது.