ஃப்ரீ ஹோஸ்டிங்: லிமிட் எவ்ளோன்னு எல்லாரும் பாக்குறீங்க, தாண்டினா என்ன ஆகும்னு யாரும் பாக்குறதில்ல

புதுசா ப்ராஜெக்ட் போடுற பசங்க, நாங்கல்லாம் ஒரு காலத்துல மாட்டின அதே இடத்துலதான் இன்னமும் மாட்டுறாங்க. ரகசிய கீய கிட்ஹப்ல (கோட் சேத்து வைக்கிற சைட்) போடாதீங்க, பாஸ்வேர்ட ஸ்ட்ராங்கா வைங்கன்னு எல்லாம் இங்க சொல்லப்போறதில்ல, அத சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க.

750 மணி நேரக் கணக்கு

31 நாள் மாசத்துக்கு மொத்தமே 744 மணி நேரம்தான். ரெண்டர்னு ஒரு ஹோஸ்டிங் கம்பெனி, அதுல மாசாமாசம் ஃப்ரீயா குடுக்குற 750 மணி நேரம் ஒரே ஒரு சர்வீஸ் மாசம் பூரா ஓடத்தான் காணும், ஏன்னா அது ஒர்க்ஸ்பேஸ் முழுசுக்கும், அதாவது அதுல நாம ஓட்டுற எல்லா ஃப்ரீ சர்வீஸுக்கும் சேத்து. 15 நிமிஷம் யாரும் வரலைன்னா சர்வீஸ் தூங்கிடும், அப்போ மணிக்கணக்கு ஏறாது. நம்ம ஆளு என்ன பண்றான்னா, தூங்கவே விடக்கூடாதுன்னு பத்து நிமிஷத்துக்கு ஒரு பிங் (தானா போய் சைட்ட தட்டிட்டு வர்ற ரிக்வெஸ்ட்) போட்டு, அதையும் ஏபிஐ (பின்னாடி டேட்டா குடுக்குற சர்வீஸ்) ஒண்ணு அட்மின் பேனல் ஒண்ணுன்னு ரெண்டுத்துக்கும் போட்டு வச்சுட்டு, மாசம் பாதியில ரெண்டும் சேந்து படுத்ததும் "சைட் டவுன் ணா"ன்னு வந்து நிக்கிறான். அடுத்த மாசம் பொறக்குற வரைக்கும் எழுந்திரிக்காது தம்பி.

பட்ஜெட் அலர்ட் இருக்கே, பாத்துக்கலாம்

எனக்கு இன்னமும் எரிச்சல் வர்றது இதுலதான்.

அமேசான் கிளவுட்லயோ (ஏடபிள்யூஎஸ்) கூகுள் கிளவுட்லயோ "பட்ஜெட் 5 டாலர்"னு போட்டா 5 டாலர்ல எல்லாம் நின்னுடும்னு நினைக்கிறாங்க. நிக்காது. அது வெறும் மெயில். வீடு எரியுதுன்னு லெட்டர் போடுற மாதிரி, அதுவும் லேட்டா. அமேசான்ல பட்ஜெட் தகவல் ஒரு தடவ அப்டேட் ஆனா அடுத்தது 8-லேருந்து 12 மணி நேரம் கழிச்சுதான். கூகுளும் பட்ஜெட் வச்சா செலவு நிக்காதுன்னு டாக்ஸ்லயே தெளிவா எழுதி வச்சிருக்கு, படிக்கத்தான் ஆள் இல்ல.

எங்க டீம்ல ஒரு பையன், நல்லா கோட் எழுதுவான், சொந்த ப்ராஜெக்ட்டுக்கு ஃபோட்டோ அப்லோட் பண்ணா தம்ப்நெயில் (குட்டி படம்) போடுற ஃபங்ஷன் ஒண்ணு கிளவுட்ல எழுதினான். பக்கெட்ல, அதாவது கிளவுட்ல ஃபைல் வைக்கிற இடத்துல, ஃபைல் வந்தா ஃபங்ஷன் ஓடும், தம்ப்நெயில அதே பக்கெட்ல சேவ் பண்ணும், அது புது ஃபைல்தானே, திரும்ப ஃபங்ஷன் ஓடும், தம்ப்நெயிலுக்கு தம்ப்நெயில், அதுக்கு ஒரு தம்ப்நெயில்... ராத்திரி டெப்ளாய் பண்ணிட்டு நிம்மதியா தூங்கிட்டான், அலர்ட்தான் இருக்கேன்னு. காலைல அலர்ட் மெயில் ஒழுங்கா வந்திருந்துச்சு, ஆனா டேஷ்போர்ட தொறந்தா லட்சக்கணக்குல ஃபைல். "அண்ணா, 5 டாலர்னுதான போட்டேன்"ங்கிறான், நான் என்னத்த சொல்ல. எந்த கம்பெனின்னு வேணாம், எங்க போட்டிருந்தாலும் பட்ஜெட் அலர்ட் அவன காப்பாத்தியிருக்காது.

இத நிஜமா தடுக்கணும்னா வேற வேலை இருக்கு. ஃபங்ஷன் ஒரே நேரத்துல எத்தன ஓடலாம்னு மேக்சிமம் வைக்கணும், அவுட்புட்டுக்கு தனி பக்கெட் வைக்கணும். அமேசான்ல பட்ஜெட் ஆக்‌ஷன்ஸ்னு ஒண்ணு இருக்கு, பட்ஜெட் தாண்டினா பர்மிஷன பிடுங்கும், சர்வர நிறுத்தும், அத நாமளேதான் செட் பண்ணணும். கூகுள்ல பட்ஜெட் மெசேஜ பிடிச்சு பில்லிங்க கட் பண்ற ஃபங்ஷன் எழுதலாம், ஆனா ப்ராஜெக்ட்ல ஓடுற எல்லாமே நின்னுடும், சிலது திரும்பியும் வராது. கத்துக்குற ஸ்டேஜ்ல இருக்கீங்கன்னா கார்டே கேக்காத ப்ளான்ல இருங்க. கூகுளோட ஃபயர்பேஸ்ல ஸ்பார்க்ங்கிற ஃப்ரீ ப்ளான்ல, ஃபயர்ஸ்டோர் டேட்டாபேஸ்லேருந்து ஒரு நாளைக்கு 50,000 ரீட், முடிஞ்சா எரர் வரும், பில் வராது. கோட் ஓட்ட இடம் குடுக்குற கிளவுட்ஃப்ளேர் ஒர்க்கர்ஸ் ஃப்ரீ ப்ளான்ல ஒரு நாளைக்கு 1 லட்சம் ரிக்வெஸ்ட், முடிஞ்சா நம்ம ஊர் நேரம் காலைல 5.30 வரைக்கும் சும்மா இருக்கணும். ஃபயர்பேஸ்லயே ப்ளேஸ்ங்கிற காசு கட்டுற ப்ளானுக்கு மாறினா அதே 50,000 ரீட் ஃப்ரீதான், ஆனா 50,001-லேருந்து மீட்டர் ஓட ஆரம்பிச்சுடும், நம்பர் மாறல, கதையே வேற.

ஸ்டாட்டிக் சைட்தானே (வெறும் பேஜும் ஃபைலும்), என்ன ஆயிடப்போகுதுன்னு கேக்குறவங்களுக்கு: 2024 பிப்ரவரில நெட்லிஃபைங்கிற ஹோஸ்டிங் கம்பெனில சின்ன சைட் வச்சிருந்த ஒருத்தருக்கு 1,04,500 டாலர் பில் வந்துச்சு. அதுல இருந்த ஒரு ஆடியோ ஃபைல யாரோ விடாம டவுன்லோட் பண்ணி டிராஃபிக்க ஏத்திவிட்டாங்க. மொதல்ல டிஸ்கவுண்ட் தரோம்னாங்க, விஷயம் வெளிய பரவினதுக்கு அப்புறம் சிஇஓவே வந்து முழுசா தள்ளுபடின்னார். எல்லார் பில்லும் வைரல் ஆகாது.

"பர்சனல் யூஸ்"னா என்னன்னு படிக்காம விடுறது

வெர்செல்ங்கிற ஹோஸ்டிங் கம்பெனியோட ஃப்ரீ ஹாபி ப்ளான் பர்சனல் யூஸுக்கு மட்டும்தான், வியாபாரத்துக்கு கெடையாது. மாமாவோட ஜவுளிக்கடைக்கு சைட் போட்டு அதுல வச்சா அது கமர்ஷியல், கஸ்டமர் கிட்ட காசு வாங்கிட்டு சைட் செஞ்சு குடுத்தாலும் கமர்ஷியல், ப்ளாக்ல ஆட்சென்ஸ் (கூகுள் விளம்பரம்) போட்டாலும் கமர்ஷியல். டொனேஷன் கேக்கலாம். கிட்ஹப்ல ஃப்ரீயா சைட் வைக்கிற கிட்ஹப் பேஜஸும் ஆன்லைன் கடை நடத்த இல்ல. டிராஃபிக் கம்மியா இருக்கேன்னு வாதாடுறாங்க, ரூல் டிராஃபிக்க பத்தியே பேசலைங்க.

ஸ்டாப் பண்ணா போதும்னு நினைக்கிறது

போதாது. அமேசான்ல சர்வர் நின்னாலும் டிஸ்க்குக்கு காசு, பிடிச்சு வச்ச பப்ளிக் ஐபி அட்ரஸுக்கு மணிக்கு 0.005 டாலர்.

ஃப்ரீ டேட்டாபேஸ்ல ஒரிஜினல் டேட்டா

ரெண்டர்ல ஃப்ரீ போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் 30 நாள்ல எக்ஸ்பைர். சூபாபேஸ்னு இன்னொரு டேட்டாபேஸ் சர்வீஸ், அதோட ஃப்ரீ ப்ளான்ல ஒரு வாரம் தொடாம விட்டா ப்ராஜெக்ட நிறுத்தி வச்சுடுவாங்க. டம்ப் (டேட்டாவோட முழு காப்பி) எடுத்து வைங்க.

பழைய வீடியோ

ஹெரோக்குங்கிற ஹோஸ்டிங் சர்வீஸ்ல ஃப்ரீ ப்ளான் 2022 நவம்பர் 28-ஓட முடிஞ்சுது, இன்னமும் பழைய வீடியோவ பாத்துட்டு அத கேக்குறாங்க. அமேசான்ல 12 மாசம் ஃப்ரீங்கிறதும் பழைய கதை, 2025 ஜூலை 15-லேருந்து புது அக்கவுண்ட்டுக்கு கிரெடிட்தான், ஃப்ரீ ப்ளான் 6 மாசம் இல்லனா கிரெடிட் தீர்ற வரைக்கும், எது முன்னாடியோ அது.

பில் வந்தப்புறம் கார்ட பிளாக் பண்றது

கடன் அப்படியேதான் இருக்கும். மொதல்ல ஓடுறத நிறுத்துங்க, எந்த சர்வீஸ் எவ்ளோ இழுத்துச்சுன்னு ஸ்க்ரீன்ஷாட் எடுங்க, அன்னைக்கே பில்லிங் சப்போர்ட்டுக்கு டிக்கெட் போடுங்க. என்ன நடந்துச்சு, எப்போ நிறுத்தினீங்க, இனிமே நடக்காம இருக்க என்ன மாத்தியிருக்கீங்க, இந்த மூணும் அதுல இருக்கணும். மொத தடவன்னா பல நேரம் குறைச்சு விடுவாங்க.