ஐ.பி. மனு: கடன் நெருக்கடியில் சட்டப் பாதுகாப்பைப் பெறுவது எப்படி?

கடன் கொடுத்தவர்களுக்கு வக்கீல் மூலம் திவால் அறிவிப்பான மஞ்சள் நோட்டீஸ் அனுப்பிவிட்டால் அன்றிலிருந்து யாரும் கிட்டே வர முடியாது என்ற நம்பிக்கை தமிழகத்தின் தொழில் நகரங்களில் பரவலாக இருக்கிறது. அந்த நம்பிக்கையில் ஐ.பி. எனப்படும் திவால் மனுவைப் போட்டுவிட்டு, வாய்தாவுக்குப் போகாமல் இருந்து, பிறகு நீதிமன்ற ஊழியரான அமீனா வாசலில் வந்து நிற்கும்போது திகைத்துப்போகிறவர்கள் உண்டு. திவால் சட்டம் தரும் பாதுகாப்பு உண்மையானது. ஆனால் அது படிப்படியாகக் கிடைப்பது. பல இடங்களில் நீங்களே கேட்டு வாங்க வேண்டியது.

முதலில் எந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும் என்று பாருங்கள். 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டத்தில் தனிநபர்களுக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அவர்களுக்கான நடைமுறை வேறு. மற்ற அனைவருக்கும், அதாவது கடை வைத்திருப்பவருக்கும் தறி ஓட்டுபவருக்கும் சம்பளக்காரருக்கும், சென்னை நகரில் 1909-ஆம் ஆண்டுச் சட்டமும் மாவட்டங்களில் 1920-ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டமும்தான் இன்றும் பொருந்துகின்றன. சென்னையில் உயர் நீதிமன்றத்தை அணுக வேண்டும். மாவட்டங்களில் இந்த மனுக்கள் பெரும்பாலும் சார்பு நீதிமன்றத்தில் விசாரிக்கப்படுகின்றன. இங்கே விளக்குவது மாவட்ட நடைமுறை.

கடனைத் தீர்க்க வகையில்லை என்பதுடன், மொத்தக் கடன் 500 ரூபாயைத் தொட்டிருந்தாலோ, பணத் தீர்ப்புக்காக நீங்கள் கைதாகியிருந்தாலோ, உங்கள் சொத்து ஜப்தியில் இருந்தாலோ 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10-ஆம் பிரிவின்படி மனுச் செய்யலாம். நூறாண்டுக்கு முந்தைய தொகை என்பதால் 500 ரூபாய் இன்று யாருக்கும் தடையாக இருப்பதில்லை.

மனுவின் உயிர் அதனுடன் இணைக்கும் இரண்டு பட்டியல்களில் இருக்கிறது. கடன் பட்டியலில் ஒவ்வொருவரின் பெயர், முகவரி, தொகை, கடனின் தன்மை ஆகியவை இருக்க வேண்டும். வங்கிக் கடன்களை மட்டும் எழுதிவிட்டு, மைத்துனரிடம் வாங்கிய கைமாற்று, நூல் கடைப் பாக்கி, எடுத்துவிட்ட சீட்டுக்குக் கட்ட வேண்டிய மீதித் தவணை ஆகியவற்றைச் சங்கடத்தால் விட்டுவிடுவது வழக்கமாக நடக்கிறது. விடுபட்டவர் பின்னர் நீதிமன்றத்தில் எதிர்ப்புத் தெரிவிக்கும்போது உங்கள் நேர்மையே கேள்விக்குள்ளாகும். சொத்துப் பட்டியலிலும் பழைய ஸ்கூட்டர், பங்கு பிரிக்காத பூர்வீக நிலத்தில் உங்கள் பாகம், பிறர் உங்களுக்குத் தர வேண்டிய பாக்கி வரை அனைத்தும் மதிப்புடன் இடம்பெற வேண்டும். சொத்தையோ கணக்குப் புத்தகத்தையோ மோசடியாக மறைத்தால் 69-ஆம் பிரிவின் கீழ் ஓராண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கக்கூடும்.

மனு கோப்புக்கு எடுக்கப்பட்டதும் செய்ய வேண்டியவை இரண்டு. பணத் தீர்ப்பை நிறைவேற்றுவதற்காக நீங்கள் காவலில் இருந்தால், 23-ஆம் பிரிவின் கீழ் விடுவிக்கக் கோரலாம். சொத்து ஏலத்துக்கு வந்திருந்தால், ஏலம் முடிவதற்கு முன்பே, மனு ஏற்கப்பட்ட விவரத்தை நிறைவேற்று நீதிமன்றத்துக்குத் தெரிவித்து, சொத்தைப் பொறுப்பேற்க நீதிமன்றம் நியமிக்கும் ரிசீவரிடம் அதை ஒப்படைக்கக் கோரும் 52-ஆம் பிரிவைப் பயன்படுத்த வேண்டும். ஏலம் முடிந்து பணம் கைமாறிய பிறகு இந்தப் பிரிவால் பயனில்லை. ஆகவே வக்கீலிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஏலத் தேதியைப் பற்றியதாக இருக்கட்டும்.

முழுமையான பாதுகாப்பு, உங்களைத் திவாலானவர் என்று நீதிமன்றம் அறிவிக்கும்போதுதான் வருகிறது. அன்று உங்கள் சொத்து ரிசீவர் வசம் போகிறது. அதற்கு ஈடாக, பிணையம் இல்லாத கடன் கொடுத்த எவரும், திவால் நடவடிக்கை நிலுவையில் இருக்கும்வரை, நீதிமன்ற அனுமதியின்றி உங்கள் மீது புதிய வழக்குத் தொடரவோ சொத்தின் மீது கை வைக்கவோ 28-ஆம் பிரிவு தடை விதிக்கிறது. முன்பே நடந்துகொண்டிருக்கும் வழக்குகள் தாமாக நிற்பதில்லை. அறிவிப்பு ஆணையின் நகலை அந்தந்த நீதிமன்றத்தில் தாக்கல் செய்தால், அது வழக்கை நிறுத்தி வைக்கலாம் அல்லது நிபந்தனையுடன் தொடர விடலாம். கைதுக்கு எதிரான பாதுகாப்பும் தனியாகக் கேட்க வேண்டியதே. 31-ஆம் பிரிவின் கீழ் அதற்கென்று மனுப் போட வேண்டும். கொடுப்பதும் மறுப்பதும் நீதிமன்றத்தின் விருப்புரிமை. பட்டியலை ஒளிவுமறைவின்றிக் கொடுத்து, ரிசீவர் அழைத்தபோதெல்லாம் வந்தவருக்கு இதைப் பெறுவது எளிது. பெண்களைப் பணத் தீர்ப்புக்காகக் கைது செய்வதை உரிமையியல் நடைமுறைச் சட்டமே தடை செய்கிறது.

எல்லாம் பறிபோய்விடும் என்று அஞ்சிப் பலர் உயிரையே மாய்த்துக்கொள்கிறார்கள். அப்படி எல்லாம் போய்விடுவதில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். உடுக்கும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, தாலி, கைவினைஞரின் கருவிகள், விவசாயியின் உழவு மாடும் விதை நெல்லும் அவர் குடியிருக்கும் வீடும், வருங்கால வைப்பு நிதி, சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயுடன் மீதியில் மூன்றில் இரண்டு பங்கு ஆகியவற்றை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு ஜப்தியிலிருந்து காக்கிறது. அவை ரிசீவரிடமும் போவதில்லை.

ஆனால் வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கடனுக்கும் நகைக் கடனுக்கும் இந்தத் தடை பொருந்தாது. அந்தக் கடன்களைக் கொடுத்தவர்கள் பிணையத்தை விற்றுக்கொள்ளலாம். காசோலை திரும்பியதற்காக மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் தொடரப்படும் வழக்கு குற்ற வழக்கு என்பதால் அதுவும் தொடரும். மனுவுக்கு முன் மனைவி பெயருக்கோ மகன் பெயருக்கோ தான செட்டில்மெண்ட் எழுதி வைக்கும்படி யோசனை சொல்பவர்களை நம்பாதீர்கள். மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் அப்படி எழுதியதை நீதிமன்றம் ரத்து செய்யலாம். வேண்டியவர் ஒருவருக்கு மட்டும் முந்தைய மூன்று மாதங்களுக்குள் கடனை அடைத்துச் சலுகை காட்டியதும் அதே கதிக்கு ஆளாகும்.

அறிவிப்பு வரும்வரை வசூல் ஆட்களின் தொல்லையைச் சகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வங்கி, நிதி நிறுவன முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மீறினால் நிறுவனத்திடமும், தீர்வு கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடமும் புகார் செய்யலாம். கந்துவட்டிக்காரர் மிரட்டினால் 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டத்தின் கீழ் காவல் நிலையத்தை நாடலாம்.

அறிவிப்போடு கடன் தீர்ந்துவிடுவதில்லை. அறிவிப்பு ஆணையிலேயே, கடன்களிலிருந்து விடுவிக்கக் கோரி மனுச் செய்ய ஒரு கெடு குறிக்கப்பட்டிருக்கும். அந்தத் தேதியைத் தவறவிட்டால் அறிவிப்பே ரத்தாகும், தடைகளும் விலகிவிடும். விடுவிப்பு ஆணை கிடைத்தால் அரசுக்குத் தர வேண்டியவை, மோசடியால் ஏற்பட்டவை, ஜீவனாம்சம் தவிர்த்த கடன்களிலிருந்து நீங்கள் விடுபடுவீர்கள். உங்களுக்காக ஜாமீன் போட்டவர் விடுபடமாட்டார். கடன் கொடுத்தவர் அடுத்து அவரிடம்தான் போவார். எனவே மனுவில் கையெழுத்திடுவதற்கு முன்பே அவரைச் சந்தித்து நிலைமையைச் சொல்லிவிடுங்கள்.